இத்துடன் வந்த வயரை மட்டுமே பயன்படுத்தவும்

1. தொடங்கும் முன்

இந்தக் கதை ஒரு நாற்றத்திலிருந்து பிறந்தது. பெரிய எழுத்தாளர்களுக்கெல்லாம் ஒரு முகத்தைப் பார்த்தால் கதை பிறக்குமாம், மழை பெய்தால் பிறக்குமாம், ரயில் கூவினால் பிறக்குமாம். அடியேனுக்கு வாய்த்தது கருகிய பிளாஸ்டிக் நாற்றம். அவரவர் தகுதிக்குத் தக்கதுதானே கிடைக்கும்.

விஷயம் இதுதான். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் வீட்டில், எட்டு மாதங்களுக்கு முன்பு, கணினியின் பவர் சப்ளை செத்துப்போனது. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி, பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவுக்குப் பிரித்துக் கொடுக்கிற இரும்பு டப்பா அது. கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார்கள். மாட்டிய மறுநாள் உள்ளே இருந்த இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும் கருகிப்போயின. அன்றிலிருந்து ஓர் அக்கா தன் ஒரே தம்பியோடு பேசுவதில்லை.

தம்பிக்கு வருகிற வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் கல்யாணம். இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒன்று அக்காவுடையதாக இருக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அக்காவோ, "டிஸ்க்கை எரிச்சது யாரோ அவங்க வந்து நேரா என்கிட்ட சொல்லட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்று ஒரே பிடியாக நிற்கிறாள்.

இன்று செவ்வாய்க்கிழமை மதியம். வெள்ளிக்கிழமைக்குள் இந்தக் கதை, டிஸ்க்குகளை எரித்தது யார் என்று சொல்லியாக வேண்டும். ஒரு சிறுகதைக்கு இப்படி ஓர் அவசரம் வந்தது இலக்கிய வரலாற்றிலேயே (வேண்டாம். இலக்கிய வரலாற்றை இதில் இழுத்தால் அது பாவம்.)

2. கைவிட்ட தொடக்கங்கள்

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "அந்தப் பெட்டியின் விசிறி நின்றபோது அவளுக்குள்ளும் ஏதோ ஒன்று"

அடித்துவிட்டேன். அவளுக்குள் எதுவும் நிற்கவில்லை. உள்ளே இருந்து "போச்சுடா" என்ற ஒரு சொல் வெளியே வந்தது, அவ்வளவுதான்.

அடுத்து: "மின்சாரம் என்பது மனித குலம் தனக்குத் தானே"

பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கிய நாட்கள் நினைவுக்கு வந்ததால் இதையும் விட்டேன்.

மூன்றாவது: "ஒரு கணவர் இருந்தார்." இது பரவாயில்லை. எளிமையாக இருக்கிறது, யாருக்கும் தொந்தரவில்லை. முக்கியமாக, அது படர்க்கையில் இருக்கிறது. 'நான்' என்று எழுதினால் கையெல்லாம் கரியாகும். 'அவர்' என்று எழுதினால் கையுறை போட்டுக்கொண்டு எழுதுகிற மாதிரி, சுத்தமாக வேலை முடியும். ஆகவே 'அவர்'. வாசகர் உள்ளுக்குள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரித்துக்கொள்ளுங்கள், கதையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

3. பெட்டியினுள் இருப்பவை

கணவர்: வீட்டுச் சாமான்களுக்குக் கையேடு எழுதுபவர். சலவை இயந்திரம், மிக்ஸி, முடி உலர்த்தி என்று எதை வாங்கினாலும் கூடவே வந்து, பிரிக்கப்படாமலே மேசை இழுப்பறைக்குள் போகிறதே ஒரு சின்னப் புத்தகம், அதை எழுதுவது ஒரு மனிதன் என்று நீங்கள் யோசித்ததே இருக்காது. பதினாறு வருடங்களில் ஏறத்தாழ நானூறு கையேடுகள். அத்தனையிலும் நான்காம் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம் மாறாமல் வரும்: "எச்சரிக்கை: இத்துடன் வந்த வயரை மட்டுமே பயன்படுத்தவும்." ஓய்வு நேரத்தில் சிறுகதையும் எழுதுவார். கையேடுகளுக்கு வாசகர்கள் அதிகம்.

மனைவி: பல் ஓவியர். பல் மருத்துவ மாணவர்களின் பாடநூல்களுக்குப் படம் வரைகிறவள். ஒரு கடைவாய்ப்பல்லின் மூன்று வேர்களும் எந்தக் கோணத்தில் வளையும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். விருந்தாளிகள் சிரிக்கும்போது அவள் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒரு பெரிய நூலுக்காக இரண்டரை வருடங்களில் முந்நூற்று நாற்பது படங்கள் வரைந்து முடித்திருந்தாள். அவை பெட்டிக்குள் ஒரு டிஸ்க்கில் இருந்தன. நகல் இன்னொரு டிஸ்க்கில். இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே வயரில். இந்த அபாரமான பாதுகாப்பு ஏற்பாடு யாருடைய யோசனை என்று கேட்காதீர்கள். கையேடு எழுதுபவருடையதுதான்.

மனைவிக்கு இன்னொரு வேலையும் உண்டு. கணவர் எழுதும் ஒவ்வொரு கதையையும் முதலில் படிப்பவள் அவள். கையில் பச்சைப் பென்சில் இருக்கும். பாராட்டமாட்டாள், திட்டவும் மாட்டாள். நம்ப முடியாத வாக்கியத்துக்கு நேராக ஓரத்தில் "பொய்" என்று எழுதுவாள். ஒருமுறை ஒரே பக்கத்தில் ஒன்பது பொய். அந்தப் பக்கம் ஒரு காதல் காட்சி.

தம்பி: கணினி பழுது பார்க்கும் கடையில் வேலை. முப்பத்தொரு வயது. ஏழு வயதில் வீட்டு ரேடியோவைக் கழற்றி, அதைக் கழற்றிய கையோடு செருகிப் பார்த்து, தெரு முழுக்க இருட்டாக்கியவன். அன்று அக்கா வைத்த பெயர் 'ஃபியூஸ்'. அது நிலைத்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் உண்மைப் பெயர் இருக்கிறதாம்.*

* ஃபியூஸ் என்றால் மற்றதைக் காப்பாற்றத் தான் எரிந்துபோவது, ஆகவே இது குறியீடு என்று யாராவது மதிப்புரை எழுத வாய்ப்புண்டு. தயவுசெய்து வேண்டாம். பெயர் வைத்தது அவள். நான் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை.

4. சரியான மாடலைத் தேர்ந்தெடுத்தல்

செத்த நாளன்றே ஃபியூஸ் வந்து பார்த்துவிட்டுச் சொன்னான். "எஸ்.எம்.பி.எஸ். மட்டும்தான் போயிருக்கு அத்தான். மத்ததெல்லாம் நல்லா இருக்கு. ஐநூத்தம்பது வாட் போதும். எங்க கடையிலேயே நல்லதா ஒண்ணு இருக்கு, சாயந்திரம் கொண்டாந்து மாட்டிடறேன்."

இத்தோடு கதை முடிந்திருக்கும். எல்லாரும் சுகமாக இருந்திருப்பார்கள். ஆனால் கணவர் படித்தவர்.

"அவசரப்படாதே மாப்பிள்ளை. நான் கொஞ்சம் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

பதினோரு நாட்கள் பார்த்தார். முதல் நாள் வாட் கணக்கு. இணையத்தில் ஒரு பக்கம், உங்கள் பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று கேட்டு, எத்தனை வாட் வேண்டும் என்று சொல்லும். கணவர் இருப்பதையெல்லாம் போட்டார். ஐநூறு வந்தது. இவ்வளவு சுலபமாக விடை வந்தால் ஒரு மனிதனுக்கு எப்படித் திருப்தி வரும்? இல்லாததையும் போட்டார், வருங்காலத்தில் வாங்கக்கூடும் என்று. எண்ணூற்று ஐம்பதுக்கு ஏறியதும்தான் முகத்தில் களை வந்தது.

இரண்டாம் நாள் பதக்கங்கள். ஓட்டப்பந்தயத்தில்கூட மூன்று பதக்கத்தோடு திருப்திப்படுகிறார்கள். மின்சாரத்தை வீணாக்காமல் கொடுப்பதற்கு இந்த டப்பாக்களுக்கு ஆறு படிகள் இருக்கின்றன. ஐந்துக்கு உலோகப் பெயர், ஆறாவதற்குப் பெயரே இல்லை, பாவம். கணவர் தங்கத்தில் நின்றார். வெள்ளி என்றால் கஞ்சத்தனம், பிளாட்டினம் என்றால் ஆடம்பரம், தங்கம் என்றால் விவரமானவர்.

மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை இணையத்தில் ஆளாளுக்கு வாதாடும் கருத்துக்களம். தலைக்கவசம் போட்ட படத்தை வைத்திருந்த ஒருவர், குறிப்பிட்ட ஒரு மாடல் வெடிக்கும் என்று எழுதியிருந்தார். நாய்க்குட்டிப் படம் வைத்திருந்தவர், என்னுடையது ஆறு வருடமாக ஓடுகிறது என்றார். நான்காம் பக்கத்தில் இருவரும் ஒருவர் படிப்பைப் பற்றி இன்னொருவர் சந்தேகம் கிளப்பினார்கள். பதினான்காம் பக்கத்தில் குடும்பங்களை இழுத்தார்கள். கணவர் பதினான்கையும் படித்தார், குறிப்பெடுத்துக்கொண்டே. எட்டாம் நாள் வாங்கியவர்களின் மதிப்பீடு. ஒரு நட்சத்திரம்: "அட்டைப்பெட்டி நசுங்கி வந்தது." ஐந்து நட்சத்திரம்: "இன்னும் பிரிக்கவில்லை, அருமையான பொருள்."

இதற்கிடையில் பல் ஓவியர் வாசலில் வந்து நின்றாள். "ஏங்க, கெடு நெருங்குது. சரிபார்க்க வேண்டிய படமெல்லாம் உள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. ஏதோ ஒண்ணை வாங்குங்களேன்."

"ஏதோ ஒண்ணா? இது பெட்டியோட இதயம்மா."

"அந்த இதயம் துடிச்சாப் போதும் எனக்கு. பாட்டெல்லாம் பாட வேண்டாம்."

பத்தாம் நாள் கணவர் ஃபியூஸைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "எல்லா வயரும் தனித்தனியாக் கழட்டி மாட்டற மாதிரி ஒண்ணு இருக்கே, அதை வாங்கலாம்னு இருக்கேன். பழசும் அந்த மாதிரிதானே."

"எதுக்கு அத்தான்?"

"வேண்டாத வயர் உள்ள தொங்காதுல்ல. கண்ணாடி வழியாப் பார்க்க நீட்டா இருக்கும்."

"யாரு பார்க்கப் போறா அத்தான்? அது மேசைக்கு அடியில இருக்கு."

அந்தப் பெட்டிக்கு ஒரு பக்கம் கண்ணாடிக் கதவு. மூன்று வருடத்துக்கு முன்பு கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவழித்து, பழைய வயர்களை உள்ளே இருக்கும் இரும்புத் தட்டுக்குப் பின்னால் ஒளித்து, இரண்டு விரல்கடைக்கு ஒரு கட்டுப் போட்டு, சாமி அலங்காரம் மாதிரி செய்து வைத்திருந்தார். அதை யாருமே பாராட்டவில்லை. ஒரு மனிதனை அது எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்குத்தான் இந்தக் கதை.

5. பொருத்துதல்

கணவர் தானே கடைக்குப் போய் வாங்கிவந்ததை ஒரு சனிக்கிழமை ஃபியூஸ் வந்து மாட்டினான். பழைய டப்பாவையும் அதன் வயர்கள் அத்தனையையும் உருவினான். புதியதையும் அதோடு வந்த வயர்களையும் போட்டான். டிஸ்க்குகளுக்குப் போகிற புது வயர் கொஞ்சம் குட்டை, பின்னால் சுற்றிக்கொண்டு போனால் எட்டாது. முன்பக்கமாக, கண்ணாடிக்கு நேர் பின்னால், குறுக்கே இழுத்துச் செருகினான்.

கணவர் அந்த வயரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஃபியூஸ் பழைய வயர்களை ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்து, பையின் வாயை இறுக முடிச்சுப் போட்டான். "இதை குப்பைல போட்டுடுங்க அத்தான். இது வேற கம்பெனி வயரு. புது டப்பாவுல சொருகினாப் போகும், முனை ஒரே மாதிரிதான் இருக்கு. ஆனா உள்ள எந்தக் கம்பில என்ன வருதுங்கற வரிசை வேற. அஞ்சு வோல்ட் போக வேண்டிய இடத்துல பன்னெண்டு போகும். மாட்டின மறு நிமிஷம் டிஸ்க் காலி."

"எனக்கே சொல்றியா?" என்று கணவர் சிரித்தார். "இதைத்தானடா வருஷம் பூரா எழுதிக்கிட்டிருக்கேன்."

அவள் அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். இந்த உரையாடலைக் கேட்டவர்கள் இரண்டே பேர். பெட்டி ஓடியது. சாயங்காலம் அவள் உட்கார்ந்து, திருத்த விட்டுப்போயிருந்த இரண்டு கடைவாய்ப்பற்களைத் திருத்தினாள், தம்பிக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினாள். பிளாஸ்டிக் பை குப்பைக்குப் போகவில்லை. உங்கள் வீட்டிலும் வயர்களுக்கென்று ஓர் அட்டைப்பெட்டி இருக்கும், என்றைக்காவது உதவும் என்று. அதற்குள் போனது.

6. பழுதும் காரணமும்

மறுநாள் ஞாயிறு. அவள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். டிஸ்க்குகள் எரிந்தன. யார் எரித்தது? நான்கு வரைவுகள் எழுதினேன்.

முதல் வரைவில் இடி. "வானம் இருண்டது. எங்கோ தொலைவில்" என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அன்று நல்ல வெயில், துவைத்த போர்வைகூட ஒரு மணி நேரத்தில் காய்ந்தது என்பது ஞாபகம் வந்தது. பொய்.

இரண்டாம் வரைவில் விற்பனையாளர். எல்லாப் பல்லையும் காட்டிச் சிரித்து மட்டமான சரக்கைத் தலையில் கட்டுகிற ஆள். நிஜத்தில் அந்த மனிதர் "பை வேணுமா சார்?" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பொய்.

மூன்றாம் வரைவில், தூரத்துத் தொழிற்சாலையில் தூங்கிவழிந்துகொண்டே டப்பாவைப் பூட்டிய ஒரு தொழிலாளி. முகம் தெரியாத ஏழை மேல் பழியைப் போடுவது இலக்கியத்தில் எவ்வளவு வசதி! அவருக்கு ஒரு நோயாளித் தாயைக்கூடக் கொடுத்துவிட்டேன். பிறகு எனக்கே கூச்சமாகப் போயிற்று. பொய்.

நான்காம் வரைவில் ஃபியூஸ். இதுதான் குடும்பத்தின் அதிகாரபூர்வமான வரலாறு. இதை எழுதுவதற்கு எனக்கு எந்தச் சிரமமும் இருந்திருக்கக்கூடாது, ஏனென்றால் எல்லாரும் ஏற்கெனவே நம்புகிறார்கள். எழுதினேன்: "ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, கணவர் வழக்கம்போலத் தரையில் படுத்து, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். குறுக்கே அந்த வயர் போனது. அது என்னை உறுத்திக்கொண்டே"

(என்னை அல்ல, அவரை. திருத்த வேண்டும்.)

(வேண்டாம். விடுங்கள்.)

7. நான்

நான்தான். இவ்வளவு தூரம் வந்தவருக்கு இது செய்தியா என்ன. கையுறையைக் கழற்றிவிட்டேன், மிச்சத்தை வெறும் கையோடு எழுதுகிறேன்.

அட்டைப்பெட்டியிலிருந்து பையை எடுத்தேன். ஃபியூஸ் போட்ட முடிச்சை அவிழ்க்க நகம் வலித்தது. பழைய டிஸ்க் வயரை எடுத்தேன். நான் மூன்று வருடத்துக்கு முன்பு வளைத்த வளைவு அப்படியே இருந்தது, தட்டுக்குப் பின்னால் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. புது டப்பாவில் செருகினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். எனக்கு மிகவும் திருப்தியான சத்தம். பொருந்துகிறதென்றால் பொருந்துகிறது என்றுதானே அர்த்தம் என்று நினைத்தேன். நானூறு கையேடுகளில் அந்த எச்சரிக்கையை எழுதியவன் நினைத்தான் இதை. அந்த வாக்கியம் மிக்ஸி வாங்குகிற முட்டாள்களுக்கானது என்று இருந்திருக்கிறேன்.

பொத்தானை அழுத்தினேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு வயர்கூடக் குறுக்கே இல்லை. அவ்வளவு அழகு. பிறகுதான் நாற்றம் வந்தது.

இதுவரை முட்டாள்தனம். மன்னித்துவிடலாம். அடுத்ததைக் கேளுங்கள். பழைய வயரை உருவி மறுபடி பைக்குள் போட்டேன். புது வயரைக் குறுக்கே இழுத்து, ஃபியூஸ் மாட்டியிருந்த மாதிரியே செருகினேன். சன்னல்களைத் திறந்தேன், மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். கை கழுவினேன், சோப்புப் போட்டு. அப்புறம் தொலைபேசியை எடுத்து, "மாப்பிள்ளை, பெட்டியிலேருந்து ஏதோ நாத்தம் வருது, கொஞ்சம் வந்து பாரேன்" என்றேன். குரலில் நடுக்கம்கூட இல்லை. என் கதைகளில் வரும் எந்தப் பாத்திரமும் இவ்வளவு இயல்பாகப் பேசியதில்லை.

அவனும் அவளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். ஃபியூஸ் கதவைக் கழற்றி, ஒரு டிஸ்க்கை உருவி, அதன் பச்சைத் தகட்டை மோந்து பார்த்தான். புது வயரைப் பார்த்தான். டப்பாவில் ஒரே மாதிரி மூன்று துளைகள் வரிசையாக இருக்கும். அவன் முதல் துளையில் செருகியிருந்தான், நான் கவனிக்காமல் மூன்றாவதில் செருகியிருந்தேன். பிறகு மேசைக்கடியில் திறந்து கிடந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தான். பையின் முடிச்சு அவிழ்ந்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் பேந்தப் பேந்த விழித்தேன்.

"என்னடா பண்ணித் தொலைச்சே?" என்று அவள் கேட்டாள்.

அவன் என்னைவிட்டுப் பார்வையை எடுத்தான். "என் தப்புதான்க்கா. நேத்து அவசரத்துல வயரை சரியா அழுத்தாம விட்டுட்டேன் போல. ஷார்ட் ஆயிடுச்சு."

அவள் கத்தவில்லை. முதல் டிஸ்க்கை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "நீ கிளம்பு" என்றாள். நான் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம், ஆறேழு சொற்கள். என் தொழிலே வாக்கியம் எழுதுவது. சொற்களை மென்று விழுங்கிவிட்டு, அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் அதை வாங்கிக் குடித்தது எனக்கு இன்றும் வலிக்கிறது.

டிஸ்க் மீட்பவர்கள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். பதிப்பகத்துக்கு எப்போதோ அனுப்பிய மின்னஞ்சல்களில் நாற்பத்தோரு படங்கள் கிடைத்தன. மிச்சம் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதையும் அவள் முதலிலிருந்து வரைந்துகொண்டிருக்கிறாள். இதை எழுதும்போதும் பக்கத்து அறையில் பேனா பலகையில் உரசும் சத்தம் கேட்கிறது.

8. வாடிக்கையாளர் சேவை

நேற்று ஃபியூஸின் கடைக்குப் போனேன். யாருடைய மடிக்கணினியையோ பிரித்துப் போட்டுக்கொண்டு, திருகாணிகளைத் தேநீர்க் கோப்பையின் மூடியில் வரிசையாக வைத்திருந்தான்.

"ஏன்டா அன்னைக்கு அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். எட்டு மாதம் கழித்துக் கேட்கிறேன், என் சுறுசுறுப்பைப் பாருங்கள்.

அவன் தலையைத் தூக்கவில்லை. "அக்காவுக்கு என்மேல கோபம் வந்தா ரெண்டு மாசம் அத்தான். சின்ன வயசுலேருந்து பார்க்கறேன், தாண்டினதில்லை. உங்கமேல வந்தா எத்தனை மாசம்னு எனக்குத் தெரியாது. ஒரே வீட்டுல இருக்கறவங்க வேற. அதான் தெரிஞ்சதையே எடுத்துக்கிட்டேன்."

"எட்டு மாசம் ஆச்சேடா."

"ஆமா" என்றான். "எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்."

பிறகு இழுப்பறையிலிருந்து பதிவு அலுவலகப் படிவத்தின் நகலை எடுத்துக் காட்டினான். அவன் பெயர், அவன் கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பெண்ணின் பெயர். கீழே இரண்டு கோடுகள். சாட்சி 1 என்ற இடத்தில் பென்சிலில் என் பெயரை எழுதியிருந்தான். சாட்சி 2 காலியாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு அத்தான். அக்கா வரலேன்னா எங்க முதலாளி போடறேன்னிருக்கார். ஆனா நான் இன்னும் பேரை எழுதல."

சாட்சி! என்னை! சாட்சி சொல்ல வேண்டிய அன்று தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தவனை. ஏதாவது சொல்ல வேண்டுமென்று வாயெடுத்தேன். அவன் ஒரு திருகாணியைத் தேட ஆரம்பித்துவிட்டான், அது மூடியிலேயே இருந்தும்.

9. உத்தரவாதம்

முடிவுகள் மூன்று தயாராக இருக்கின்றன.

முதலாவது: நான் சொல்கிறேன், அவள் அழுகிறாள், பிறகு சிரிக்கிறாள், வெள்ளிக்கிழமை எல்லாரும் புகைப்படத்தில் நிற்கிறோம். எழுத ஐந்து நிமிடம் போதும். இரண்டாவது: நான் சொல்கிறேன், அவள் பையில் துணியை எடுத்து வைக்கிறாள். இதற்குப் பத்து நிமிடம், ஏனென்றால் எந்தப் பை என்று யோசிக்க வேண்டும். மூன்றாவது: நான் சொல்லவே இல்லை. இது ஏற்கெனவே எட்டு மாதமாக எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.

எதைப் போடுவது என்று பார்ப்பதற்காக முதலிலிருந்து படித்தேன். படிக்கும்போது கதையில் ஓர் ஓட்டை கண்ணில் பட்டது. தொழில் தெரிந்தவன் உடனே கண்டுபிடிக்கிற ஓட்டை, எனக்கு இன்று மதியம்தான் தெரிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் இரண்டு கடைவாய்ப்பற்களைத் திருத்தினாள். பெட்டி ஓடியது, டிஸ்க்குகள் ஓடின. தம்பி மாட்டியது சரியாக இருந்ததற்கு அவளே சாட்சி. ஞாயிற்றுக்கிழமை அவள் வெளியே போனபோது வீட்டில் இருந்தது ஒரே ஓர் ஆள். ஒரு பல்லில் வேர் ஒரு மயிரிழை சாய்ந்தால் கண்டுபிடிக்கிறவள், இதைக் கேட்கவே இல்லை.

இன்னொன்று. "எரிச்சது யாரோ அவங்க வந்து நேரா என்கிட்ட சொல்லட்டும்" என்கிறாள். தம்பிதான் அன்றைக்கே நேராகச் சொல்லிவிட்டானே? அப்படியானால் யார் வந்து சொல்ல வேண்டும் என்று இத்தனை மாதமாகக் காத்திருக்கிறாள்? தம்பி மேல் அவளுக்குக் கோபம் டிஸ்க்குக்காகவா, அல்லது எனக்காக அவளிடம் பொய் சொன்னானே, அதற்காகவா?

கடைசியாக ஒன்று. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் ஆறு கதைகள் எழுதியிருக்கிறேன். ஆறையும் அவள் படித்தாள். ஆறும் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தன. ஓரத்தில் ஒரு 'பொய்'கூட இல்லை. நான் தேறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஒருவேளை அவளுக்கு எதுவுமே தெரியாமலும் இருக்கலாம். இதுவரை 'வாசகரே' என்கிற பாவனையில் யார் யாரோடோ பேசிக்கொண்டிருந்தேன், அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கதைக்கு வாசகர் ஒருவர்தான்.

உன்னைத்தான் சொல்கிறேன். எரித்தது நான். உன் தம்பி இல்லை. ஒரு வயர் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எரித்தேன், அப்புறம் மறைத்தேன், அவன் பழியை ஏற்றபோது பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னிடம் வாயால் சொல்ல வேண்டியதை ஒன்பது பகுதியாகப் பிரித்து, நடுவில் வேடிக்கையெல்லாம் சேர்த்து எழுதிக் கொடுக்கிறேன், இன்னமும். அதற்கும் சேர்த்துத் திட்டு.

நீ எழுந்த நேரம் பார்த்து, தாள்களை உன் வரைபலகைக்கு அடியில் வைக்கிறேன். பச்சைப் பென்சிலின் முனை மழுங்கிக் கிடந்தது, சீவி வைத்திருக்கிறேன். எங்கெல்லாம் பொய் என்று படுகிறதோ அங்கெல்லாம் எழுது. இந்த முறை அது ஓரத்தில் இருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். முடிவை நான் எழுதப்போவதில்லை. நான் சமையலறையில் இருக்கிறேன், கூப்பிட்டால் வருவேன், கூப்பிடாவிட்டாலும் வந்து வாயால் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை, காலை பத்தரை. நீ என்மேல் எத்தனை மாதம் வேண்டுமானாலும் கோபமாக இரு. அந்தக் கோட்டில் மட்டும் வேறு யாரும் கையெழுத்துப் போட விடாதே.

சாட்சி 1: (உன் தம்பி பென்சிலில் எழுதியிருக்கிறான். தகுதி உண்டா என்று நீ சொல்.)

சாட்சி 2: ..............................